300 டிகிரி கேம் போட்டால் புல்லட் பறக்குமா?

ஒத்தக்கடை புல்லட் | 2 மார்ச் 2024, இரவு 10.40

1996 மாடல் புல்லட் 350, வார்ப்பிரும்பு இன்ஜின், அப்பா வண்டி. இரண்டு வருடமாக இழுவை இல்லை. 70க்கு மேல் திணறுகிறது, அப்பப்போ கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது. சிலிண்டருக்குப் போர் போட்டாச்சு, பிஸ்டன் புதுசு, கார்புரேட்டரும் புதுசு. இப்போது ஒருவர் ரேஸ் கேம் ஜோடி வைத்திருக்கிறார். 300 டிகிரியாம், கம்பெனி கேம் 270 தானாம். 30 டிகிரி கூட என்றால் பவர் 10 சதவீதத்துக்கு மேல் ஏறும் என்கிறார். விலை 6,500. நாளைக்குள் சொல்ல வேண்டும். வாங்கலாமா அண்ணே? கேம் என்றால் முட்டை மாதிரி இருக்கும், வால்வைத் தள்ளும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பழைய சிபிஇசட் | 2 மார்ச் 2024, இரவு 11.50

நாளைக்கு வாங்க வேண்டாம் தம்பி. அடுத்த மாதம் வாங்கினாலும் கேம் வாடிவிடாது, அது மல்லிகைப்பூ இல்லை.

பூ என்றதும் ஞாபகம் வருகிறது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லிகை கிலோக் கணக்கு. கோயில் வாசலில் முழக் கணக்கு. யாருடைய முழம்? கட்டிக்கொடுக்கிற அம்மாவின் கை எவ்வளவு நீளமோ அவ்வளவு. கேம் டிகிரியும் அந்த முழம் மாதிரிதான். வால்வு எத்தனை மி.மீ. தூக்கிய இடத்தில் எண்ண ஆரம்பித்தார்கள் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வால்வு முடியளவு அசைந்ததுமே எண்ணத் தொடங்கினால் 300 வரும். அதே கேமை 1 மி.மீ. தூக்கிய பிறகு எண்ணினால் 250 வந்தாலும் ஆச்சரியம் இல்லை. ஜப்பான் வண்டி மேனுவல்களில் பெரும்பாலும் 1 மி.மீ. கணக்கு. அமெரிக்காக்காரர்கள் 0.050 இன்ச், அதாவது 1.27 மி.மீ. உங்கள் புல்லட்டின் 270 எப்படி வந்தது? டாப்பெட்டில் (கேம் தள்ளுவதை வால்வு பக்கம் கடத்தும் துண்டு) சோதனைக்காக மட்டும் 0.012 இன்ச், ஏறக்குறைய 0.3 மி.மீ. இடைவெளி வைத்து எண்ணியது. என்னிடம் இருக்கிற பழைய மேனுவலில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

வால்வு தூக்கும் அளவுக்கு லிஃப்ட் என்று பெயர். விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை மி.மீ. லிஃப்ட்டில் 300?"

துப்புகிறது என்றீர்களே, அது மெயின் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை, சின்னதாக இருக்கும். ஒரு சைஸ் பெரிதாகப் போட்டுப் பாருங்கள்.

பழைய சிபிஇசட் | 3 மார்ச் 2024, காலை 6.15

தூக்கம் வரவில்லை, அதனால் அடிப்படையில் இருந்து எழுதுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

பிஸ்டன் சுற்றிவிடும் தண்டுதான் கிராங்க். அது இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. டிகிரி எல்லாம் கிராங்க் கணக்கில்தான் சொல்வார்கள். உங்கள் புல்லட்டின் எண்கள் நாலு:

இன்லெட், அதாவது காற்று உள்ளே வரும் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வர 30 டிகிரி இருக்கும்போதே திறக்கிறது. பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பி 60 டிகிரி ஆன பிறகுதான் மூடுகிறது. எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியே போகும் வால்வு, பிஸ்டன் அடிக்குப் போக 75 டிகிரி இருக்கும்போது திறந்து, உச்சியைத் தாண்டி 35இல் மூடுகிறது.

மீதியெல்லாம் கூட்டல்தான். இன்லெட் 30 + 180 + 60 = 270. எக்ஸாஸ்ட் 75 + 180 + 35 = 290. இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் 30 + 35 = 65, இதுதான் ஓவர்லாப்.

பெரியார் நிலையத்து டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பின்வாசலில் இறங்குகிற கூட்டம் முழுசாக இறங்கும் முன்பே முன்வாசலில் ஏற ஆரம்பித்துவிடுவார்கள். போகிற கூட்டம் வேகமாகப் போனால் வருகிற கூட்டத்துக்கு வழி தானாகக் கிடைக்கும். ஓவர்லாப் அது. கண்டக்டர் விசில் அடித்த பிறகும் நாலு பேர் ஓடி வந்து தொற்றிக்கொள்வார்கள். இன்லெட் தாமதமாக மூடுவது அது. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே வருகிற காற்றுக்கு ஓட்டம் இருக்கிறது, பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கினாலும் அந்த வேகத்தில் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடும். மெதுவாகச் சுற்றும்போது ஓட்டம் இல்லை. தொற்றியவன் கீழே விழுகிறான், இறங்கினவன் திரும்பி ஏறுகிறான். புகை இன்டேக்குக்குள் போகிறது, பெட்ரோல் கலந்த காற்று கார்புரேட்டர் பக்கமே திரும்பி வருகிறது.

அதனால் 30 டிகிரி கூட்டினால் 10 சதவீதம் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். கேம் செய்கிற வேலை, இழுவையைக் கீழே இருந்து எடுத்து மேலே வைப்பது. மேலே வைத்த இடத்துக்கு உங்கள் இன்ஜினால் போக முடியுமா என்பது வேறு கேள்வி.

புல்லட் 350க்கு ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 70. 18 குதிரை வருவது 5,625 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 5,625 சுற்றில். அதை 7,000 சுற்றவிட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 21 மீட்டர். என் ஹீரோ ஹோண்டா சிபிஇசட்டுக்கு ஸ்ட்ரோக் 49.5, அந்த வேகத்தைத் தொட 12,700 சுற்ற வேண்டும். நீளமான ஸ்ட்ரோக் வண்டிக்கு மேலே இடமே கிடையாது. இல்லாத மாடிக்கு எதற்கு ஏணி?

பழைய சிபிஇசட் | 3 மார்ச் 2024, காலை 7.05

ஒன்று விட்டுப்போச்சு. கேமின் முட்டை மாதிரிப் புடைப்புக்கு லோப் என்று பெயர். இரண்டு லோப்களின் உச்சிக்கும் நடுவே உள்ள கோணம், லோப் செப்பரேஷன் என்று ஓர் எண் வரும். இன்லெட் முழுசாகத் தூக்கும் இடம் 270/2 - 30 = 105 டிகிரி. எக்ஸாஸ்ட் 290/2 - 35 = 110. இரண்டுக்கும் நடுவே கிராங்க் கணக்கில் 215 டிகிரி. எண் சின்னதானால் ஓவர்லாப் கூடும், ஐடிலிங் தடுமாறும், நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வேகமாக இழுக்கும். எண் பெரிதானால் ஐடிலிங் சாது, இழுவை பரவலாக வரும்.

பழைய சிபிஇசட் | 3 மார்ச் 2024, காலை 7.20

திருத்தம். லோப் செப்பரேஷனை மட்டும் கேம் டிகிரியில் சொல்வது வழக்கம், 215இல் பாதி 107.5. கேம் அட்டைகளில் 104, 108, 112 என்று பார்ப்பது இந்த எண்ணைத்தான். காப்பி குடிக்காமல் எழுதினால் இப்படித்தான்.

பழைய சிபிஇசட் | 3 மார்ச் 2024, இரவு 9.30

தம்பி விற்பவரிடம் கேட்டாராம். "டிகிரி என்றால் டிகிரிதான், அதில் என்ன மி.மீ." என்று பதில் வந்ததாம். நல்லது, 6,500 மிச்சம்.

"உனக்கு எப்படித் தெரியும், நீ போட்டிருக்கிறாயா" என்று இன்னொரு பங்காளி தனியாகக் கேட்டார். போட்டிருக்கிறேன். அசிங்கப்பட்ட கதைதான், இருந்தாலும் சொல்கிறேன்.

2011. சிபிஇசட், 156.8 சிசி, பழைய வகை. அதன் கேமை வெளியூரில் ஒரு கிரைண்டிங் பட்டறையில் கொடுத்து லோப்பை மாற்றி அரைத்து வாங்கினேன். அரைக்கிற வேலையில் உலோகத்தைச் சேர்க்க முடியாது, எடுக்கத்தான் முடியும். லோப்பின் வட்டமான முதுகுப் பக்கத்தை, அதாவது அடிவட்டத்தைச் சின்னதாக்கினால் புடைத்த முனையான மூக்கு நீண்ட மாதிரி ஆகிவிடும், லிஃப்ட் கூடும். அந்த அளவுக்கு டாப்பெட் ஸ்க்ரூவை உள்ளே இறக்க வேண்டும். வால்வை அமுக்கும் நெம்பான ராக்கர் நிற்கும் கோணமும் கொஞ்சம் மாறும். அதோடு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் அளவு, கூட்டலாம் என்று சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை லேத்தில் அரை மி.மீ. சீவினேன். வயசு அப்படி.

மேலூர் நாலுவழிச் சாலையில் 6,500 ஆர்பிஎம் தாண்டினால் முள் பறக்கும். ஹெல்மெட்டுக்குள் நானே சிரித்திருக்கிறேன். ஆனால் சிம்மக்கல்லில் இருந்து ஏ.வி. பாலத்தைத் தாண்டி கோரிப்பாளையம் வருவதற்குள் கை வலித்துவிடும். 4,500க்குக் கீழே வண்டியில் ஒன்றுமே இல்லை. அரைக் கிளட்ச்சிலேயே உருட்ட வேண்டும். ஐந்து மாதத்தில் கிளட்ச் பிளேட் போச்சு. லிட்டருக்கு 45 கொடுத்த வண்டி 32 கொடுத்தது. ஒரு ஞாயிறு சிறுமலைக்குப் போனோம். 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதில் வண்டி திணறி நின்றது. வீட்டுக்காரம்மா இறங்கி, ஒன்றும் பேசாமல், எட்டாவது வளைவு வரைக்கும் நடந்தே போய் அங்கே நின்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எட்டு மாதத்தில் கழற்றிவிட்டு கம்பெனி கேமையே போட்டேன். அதில் இருந்து யார் கேம் என்றாலும் "வேண்டாம்" என்று சொல்கிற ஆள் ஆகிவிட்டேன்.

பழைய சிபிஇசட் | 6 மார்ச் 2024, மதியம் 1.10

ஆர்எக்ஸ் 100க்கு எந்தக் கேம் நல்லது என்று கேட்ட மாப்பிள்ளைக்கு: உங்கள் வண்டியில் கேமே கிடையாது. டூ ஸ்ட்ரோக். இன்டேக்கில் காற்றே தள்ளித் திறக்கிற ரீட் வால்வு ஒன்று உண்டு, மற்றபடி சிலிண்டர் சுவரில் இருக்கிற ஓட்டைகள்தான் வால்வு, பிஸ்டன்தான் கதவு. எக்ஸாஸ்ட் ஓட்டையை, அதாவது போர்ட்டை, அரம் போட்டு மேலே உயர்த்துகிறார்களே, அதுதான் உங்கள் ஊர் 300 டிகிரி கேம். அதே ஆசை, அதே பலன்: கீழே இழுவை போகும், மேலே கூவும். கேமையாவது கழற்றி மாற்றலாம். அராவின போர்ட்டை ஒட்ட முடியாது.

பழைய சிபிஇசட் | 10 மார்ச் 2024, காலை 11.00

சும்மா "வேண்டாம்" என்று சொன்னால் எப்படி, தேர்ந்தெடுக்கத்தான் எப்படி என்று தம்பி கேட்கிறார். நியாயம்தான்.

முதலில் ஒரு வாரம் உங்கள் ஆர்பிஎம் முள் எங்கே வாழ்கிறது என்று பாருங்கள். போன வாரம் டேங்க் மேல் ஒரு தாள் ஒட்டி, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கடைசியாக எவ்வளவு ஆர்பிஎம்மில் வந்தேன் என்று கோடு போட்டேன். பழங்காநத்தத்தில் ஒரு போலீஸ்காரர் என்ன எழுதுகிறாய் என்று சந்தேகமாகக் கேட்டார். ஆறு நாளில் விழுந்த கோடுகளில் முக்கால்வாசி 3,000க்கும் 5,500க்கும் நடுவே. 7,000க்கு மேல் மூன்றே மூன்று கோடு. நான் 2011இல் வாங்கியது அந்த மூன்று கோட்டுக்கான கேம்.

புல்லட்டில் ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டர் இல்லை. போனில் சத்தத்தைப் பதிவு செய்து எண்ணுங்கள். ஒற்றை சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு அடி. ஐடிலிங்கில் 10 விநாடிக்கு 75 அடி என்றால் 900 ஆர்பிஎம்.

எங்கள் மாமா தோட்டம் உசிலம்பட்டிப் பக்கம். கிணற்றில் ஒரு டீசல் இன்ஜின், நாள் முழுக்க 1,500 சுற்று, கூடாது குறையாது. கேம் தேர்வு செய்ய உலகத்திலேயே சுலபமான இன்ஜின் அதுதான், ஒரே ஆர்பிஎம்முக்கு வெட்டிவிடலாம். ரோட்டில் போகிற வண்டிக்கு அந்தச் சௌகரியம் இல்லை, எல்லாமே சமரசம்தான். கம்பெனிக்காரர்களே ஒரு கேம் போதவில்லை என்றுதானே 1989இல் ஹோண்டா விடெக் கொண்டு வந்தது. நம் ஊரில் 2018இல் வந்த யமஹா ஆர்15இலும் 7,400 ஆர்பிஎம்மில் இன்லெட்டுக்கு வேறு லோப் மாறுகிறது. கீழே சின்னக் கேம், மேலே பெரிய கேம். ஒரே தண்டில் இரண்டு மனசு.

அடுத்தது, நாலு எண்ணில் ஒன்றை மட்டும் பார்க்கச் சொன்னால் இன்லெட் மூடும் எண்ணைத்தான் பார்ப்பேன். 60 டிகிரியில் மூடினால் பிஸ்டன் ஏற வேண்டிய தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே ஏறியிருக்கும். 75இல் மூடினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அமுக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. காகிதத்தில் 8க்கு 1 கம்ப்ரஷன் உள்ள இன்ஜினுக்கு முதல் கேமில் நிஜமாகக் கிடைப்பது சுமார் 6.6. இரண்டாவதில் 5.8. கீழ் ஆர்பிஎம்மில் வண்டி செத்துப்போவது இதனால்தான். பெரிய கேம் போடுபவர்கள் பிஸ்டனையும் மாற்றிக் கம்ப்ரஷனை ஏற்றுவதும் இதற்காகத்தான். கேமை மட்டும் மாற்றுவது, செருப்பில் ஒரு காலை மட்டும் பெரிய சைஸ் வாங்குகிற மாதிரி.

பழைய சிபிஇசட் | 10 மார்ச் 2024, மாலை 5.45

லிஃப்ட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை. லோப் தூக்குவதை ராக்கர் விகிதத்தால் பெருக்கினால் வால்வு லிஃப்ட். டிகிரியைக் கூட்டாமல் லிஃப்ட்டை மட்டும் கொஞ்சம் கூட்டினால் கீழ் இழுவை அவ்வளவாகக் கெடாது. எனக்குப் பிடித்த வழி அது. ஆனால் ஸ்ப்ரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது, வால்வின் மேல்தட்டு, வால்வு ஓடும் குழாயான கைடில் இடிக்கக் கூடாது, வால்வு பிஸ்டனில் தட்டக் கூடாது. மூன்றையும் பார்க்காமல் கிக் அடிக்காதீர்கள்.

பிஸ்டன் இடைவெளி பார்க்கக் களிமண் போதும். மகளின் பள்ளிக்கூடக் களிமண்ணில் பச்சைத் துண்டைத் திருடி, பிஸ்டன் மேல் எண்ணெய் தடவி ஒட்டி, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றினேன். அமுங்கிய இடத்தைக் கத்தியால் வெட்டி அளந்தால் தெரிந்துவிடும். இன்லெட்டில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி. எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும், அதனால் அதற்குக் கூடுதல். சப்பாத்தி மாவு வைக்கலாமா என்று கேட்காதீர்கள். வைத்துப் பார்த்தேன், அமுங்கினது திரும்பி எழுந்துவிடுகிறது.

பழைய சிபிஇசட் | 17 மார்ச் 2024, இரவு 8.20

நம்ப மாட்டீர்கள். தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று என் சிபிஇசட்டிலேயே டிகிரி போட்டுப் பார்த்தேன். பழைய சிடி ஒன்றின் மேல் 360 டிகிரிக் கோணமானியை அச்சடித்து ஒட்டி, கிராங்க் முனையில் மாட்டினேன். முள்ளுக்கு சைக்கிள் ஸ்போக். உச்சியைக் கண்டுபிடிக்க, ஒரு செத்த பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு உள்ளே போல்ட் வைத்த தடுப்பு. இந்தப் பக்கம் சுற்றி முட்டிய இடம், அந்தப் பக்கம் சுற்றி முட்டிய இடம், இரண்டுக்கும் நடுதான் உச்சி. கண்ணால் பார்த்து உச்சி என்று நினைத்தால் ஐந்து டிகிரி தப்பும், ஏனென்றால் அந்த இடத்தில் பிஸ்டன் கிட்டத்தட்ட அசைவதே இல்லை.

டயல் கேஜை வால்வு மேல் வைத்து, 1 மி.மீ. தூக்கும் இடத்தைக் குறித்தேன். மேனுவலில் உள்ளதைவிட திறப்பதும் 6 டிகிரி தாமதம், மூடுவதும் 6 டிகிரி தாமதம். கம்பெனி கேம், மார்க் எல்லாம் சரியாக நிற்கிறது. மூன்று முறை பார்த்தேன், அதேதான்.

காரணம் நான்தான். 2011இல் ஹெட்டை அரை மி.மீ. சீவினேனே. ஹெட்டில் கேம் உள்ள வண்டியில் கிராங்க் ஒரு செயின் வழியாகத்தான் கேமைச் சுற்றுகிறது. ஹெட் கீழே இறங்கினால் கேமும் கிராங்கும் நெருங்குகின்றன. இழுபடும் பக்கத்துச் செயின் தொளதொளக்கும், அந்தத் தொளதொளப்பை எடுக்கக் கேம் பின்னோக்கித் திரும்ப வேண்டியிருக்கும். கேம் பின்தங்கினால் இன்லெட் இன்னும் தாமதமாக மூடும். அதாவது எட்டு மாதம் நான் திட்டித் தீர்த்த அந்தக் கேம், 6 டிகிரி பின்தங்கி ஓடியிருக்கிறது. பாவம் அது.

பழைய சிபிஇசட் | 31 மார்ச் 2024, காலை 10.30

மேலே எழுதியது பாதி தப்பு. கணக்குப் போடாமல் எழுதிவிட்டேன்.

செயின் மாட்டுகிற பல்சக்கரம், கேம் ஸ்ப்ராக்கெட், அதன் ஆரம் சுமார் 30 மி.மீ. அரை மி.மீ. இறங்கினால் கேம் சுமார் 1 டிகிரிதான் திரும்பும், கிராங்க் கணக்கில் 2. மீதி 4 எங்கே? டைமிங் செயின். தேய்ந்து நீண்ட செயினும் கேமைப் பின்னுக்குத்தான் தள்ளும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சத்தத்தை நிறுத்துமே ஒழிய, டிகிரியைத் திருப்பித் தராது. புதுச் செயின் போட்டேன், 6 என்பது 2 ஆகிவிட்டது. சத்தம் வந்தால்தான் செயின் மாற்றுவது என்ற என் கொள்கைக்கு 13 வருடம் கழித்துத் தண்டனை.

2011இல் செயின் அவ்வளவு தேய்ந்திருக்காது. ஆக அப்போது கேம் பின்தங்கியிருந்தது 2 அல்லது 3 டிகிரி இருக்கும். அந்தக் கேம் முழு நிரபராதி இல்லை, பெயிலில் விடலாம்.

ஒரு பல் தள்ளிப் போட்டு மீதியைச் சரிசெய்யலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. 30 பல் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்றால் கேமில் 12 டிகிரி, கிராங்க்கில் 24. வால்வு பிஸ்டனைப் போய்ப் பார்த்துவிட்டு வரும். நான் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட் ஓட்டைகளை ஊசி அரத்தால் கால் மி.மீ. அளவுக்கு நீளவாக்கில் அராவி, மீதி 2 டிகிரியை எடுத்தேன். போல்ட்டுக்குப் பூட்டுப் பசை போட்டேன். அந்த போல்ட் இளகினால் இன்ஜின் போச்சு. கை நடுங்குபவர்கள் அந்த 2 டிகிரியோடு வாழ்ந்துவிட்டுப் போங்கள், ஒன்றும் குடிமுழுகாது.

3,500இல் இழுவை வந்திருக்கிறது. முள் வாழ்கிற இடத்தில்.

பழைய சிபிஇசட் | 24 ஏப்ரல் 2024, மாலை 6.00

நேற்று அழகர் ஆற்றில் இறங்கியாச்சு. நாலு நாளாக வண்டியை எடுக்கவில்லை, எடுத்தாலும் தள்ளத்தான் வேண்டும். ஐடிலிங் நல்லா இருக்கிற வண்டியின் அருமை சித்திரைத் திருவிழாவில் தெரியும். தல்லாகுளத்தில் ஒரு பையன், மாற்றிக் கட்டிய புல்லட், நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தான். விட்டால் அணைந்துவிடும். பக்கத்தில் ஒரு பாட்டி, "அது மூச்சு முட்டுதுப்பா, தண்ணி ஊத்து" என்றார். ஓவர்லாப் கூடினால் என்ன ஆகும் என்று நான் மார்ச் 3 காலையில் எழுதிய நீளமான பத்தியை விட அது சரியான விளக்கம்.

எழுந்து வந்து இந்த இழையை முதலில் இருந்து படித்தேன். தம்பியின் முதல் பதிவில் ஒரு வரி. "கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது." நான் போகிற போக்கில் ஜெட் என்று சொல்லிவிட்டேன். ஜெட் மாற்றிச் சரியாகவில்லை என்று அவர் மார்ச் 9ஆம் தேதியே சொல்லியிருக்கிறார், அதையும் கவனிக்காமல் நான் மாமா கிணற்றுக்குப் போய்விட்டேன்.

தம்பி, எக்ஸாஸ்ட் கேமின் மூக்கு தேய்ந்திருந்தாலும் துப்பும். எக்ஸாஸ்ட் வால்வு சரியாகத் திறக்காவிட்டால் எரிந்த புகை முழுசாக வெளியே போகாது. அடுத்து இன்லெட் திறந்ததும் மிச்சம் இருக்கிற புகை அந்த வழியாகக் கார்புரேட்டருக்கு வரும். எக்ஸாஸ்ட் வால்வு சிலிண்டருக்குள் அழுத்தம் இருக்கும்போதே திறக்க வேண்டியது, அதனால் இரண்டில் அதிகம் அடிவாங்குவது அந்த லோப்தான். உங்கள் இன்ஜினில் இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனிக் கேம், வலது பக்க மூடியைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். பல்சக்கரப் புள்ளிகளைப் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். மூக்கில் இருந்து முதுகு வரை வெர்னியரில் அளந்து, அதில் அடிவட்டத்தின் விட்டத்தைக் கழித்தால் லிஃப்ட். கடையில் புதுக் கேமை வாங்காமலே அளந்துவிட்டு வரலாம், கொஞ்சம் முறைப்பார்கள்.

பழைய சிபிஇசட் | 5 மே 2024, இரவு 9.15

தம்பி இன்று வந்திருந்தார். அக்னி நட்சத்திர வெயிலில் ஒத்தக்கடையில் இருந்து கேம் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு. இன்லெட், புதுசுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. எக்ஸாஸ்ட், புதுசைவிட 1.2 மி.மீ. குறைவு. மூக்கு கூர் போய் மொட்டையாக, நடுவில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். நகத்தால் தடவினாலே தெரிகிறது. அது உரசுகிற டாப்பெட்டின் அடியும் குழிந்திருக்கிறது. கேமை மட்டும் மாற்றினால் அந்தக் குழி புதுசையும் தின்றுவிடும், இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன்.

அந்த 300 டிகிரி ஜோடியைப் போட்டிருந்தால் புது மூக்கு வந்த சந்தோஷத்தில் இழுவை கொஞ்சம் கூடியிருக்கும், "ரேஸ் கேம் வேலை செய்கிறது" என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார் என்று சொன்னேன். சிரித்தார்.

பழைய சிபிஇசட் | 13 மே 2024, காலை 7.40

போட்டாச்சு. கம்பெனிக் கேம், புது டாப்பெட் ஜோடி. மாட்டும்போது லோப்பில் மாலிப்டினம் பேஸ்ட் தடவி, முதல் ஸ்டார்ட்டில் ஐடிலிங்கில் விடாமல் கொஞ்சம் ஏற்றி ஓடவிட்டோம். புதுக் கேமும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகும் வரை எண்ணெய் நன்றாகத் தெறிக்க வேண்டும். டாப்பெட்டுக்கும் ராக்கருக்கும் நடுவே நிற்கும் கம்பியான புஷ் ராடை, இன்ஜின் ஆறினபின், விரலால் சுற்றினால் சுற்றுகிற மாதிரி, ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இல்லாத மாதிரி வைத்தோம். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு ஃபீலர் கேஜ் இல்லை, விரல்தான் கேஜ்.

துப்பல் நின்றுவிட்டது. நேற்று அழகர்கோவில் சாலையில் 70 தாண்டி அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துப் போனாராம். அப்பா சொன்னது: "வாங்கினப்போ இப்படித்தான்டா இருந்துச்சு."

சிபிஇசட்டின் அந்த அரைத்த கேம் இன்னும் பரணில்தான் இருக்கிறது. இப்போது செயின் புதுசு, டைமிங் சரி, கையில் டிகிரி சக்கரம் இருக்கிறது. ஒருமுறை சரியான இடத்தில் வைத்துப் போட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு நப்பாசை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சிறுமலைக்குத் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

பழைய சிபிஇசட் | 13 மே 2024, காலை 7.50

தம்பி, அந்த மொட்டை எக்ஸாஸ்ட் கேமை ஆக்கர் கடையில் போட்டுவிடாதீர்கள், எனக்கு வேண்டும். லோப் தேய்ந்தால் டிகிரி எவ்வளவு குறையும் என்று அளந்து பார்க்கணும்.